ஈரநேரச் சாட்சி

தீர்ப்பை எழுத உட்கார்ந்தபோது வான்மதிக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

நீதிபதி நாற்காலியில் ஏறிய நாளிலிருந்து எந்தக் கொலை வழக்கும் அவளுக்கு இவ்வளவு லேசாக வந்ததில்லை. ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு பிரசவம்தான். சோறு இறங்காது. பிரசன்னா ஏதாவது கேட்டால் சுள்ளென்று எரிந்து விழுவாள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ குறுக்கு விசாரணை செய்வதுபோல இருக்கும். இந்தச் சனிக்கிழமை காலை அப்படியில்லை. காபி சூடாக இருந்தது, ஜன்னலில் வெயில் இதமாக இருந்தது, தீர்ப்பு மணிமணியாக வந்துகொண்டிருந்தது. பூபதிராஜா நிரபராதி. திங்கள்கிழமை விடுதலை.

வழக்கு சிக்கலானதுதான். எண்ணெய் மில் முதலாளி அவிநாசியப்பன், மில்லுக்குள்ளேயே இருந்த தன் அறையில் மண்டை பிளந்து கிடந்தார். மில்லின் காவலாள் பூபதிராஜாவுக்கும் அவருக்கும் முந்தின நாள் பெரிய சண்டை. மறுநாள் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் போலீஸ் அவனைப் பிடித்தபோது சட்டையில் முதலாளியின் ரத்தம். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. அடித்த ஆயுதம் அகப்படவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ரூமில் தூங்கினேன் என்றான் பூபதி. தூங்கியதைப் பார்த்த ஆளும் இல்லை. மூன்று வருஷமாக உள்ளே இருக்கிறான். அவனைப் பெற்ற தாயே ஒரு வாய்தாவுக்கும் வந்ததில்லை. குற்றவாளி என்று வான்மதி எழுதினால் ஆயுள் தண்டனை. இல்லை என்று எழுதினால் திங்கள் சாயங்காலம் அவன் பஸ் ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அவன் செய்யவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். விடை தயாராக இருந்தது. ‘அந்தப் பையன் அன்னிக்குப் பூராவும் பந்தியிலதான் நின்னான்.’ ஆமாம், கல்யாண வீடு. பூபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு இலை இலையாக ரசம் ஊற்றிக்கொண்டு போகிறான். நெற்றியில் வியர்வை. மைக்கில் யாரோ மொய் வாசிக்கிறார்கள். நேரில் பார்த்ததுபோல அவ்வளவு துல்லியம்.

சரி, இதை எந்தச் சாட்சி சொன்னது?

கோர்ட்டில் கொடுத்திருந்த பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். வழக்குக்கட்டு முழுவதையும் ஒரு நொடியில் துழாவிக் கொடுக்கும் யந்திரம் அது. கல்யாணம் என்று தேடச் சொன்னாள். இல்லை என்றது. பந்தி, விருந்து, மண்டபம், ரசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. பூபதியின் வக்கீல்கூட அப்படி ஒரு வாதத்தை வைக்கவே இல்லை என்று யந்திரம் பணிவாகச் சொன்னது.

வான்மதி பலகையைத் தள்ளி வைத்தாள். வழக்கில் இல்லாத ஒரு சாட்சி அவள் தலைக்குள் கூண்டேறி, சத்தியம் செய்து, சாட்சியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். யார் அவன்? எப்போது உள்ளே வந்தான்?

எப்போது என்பதை அவளால் ஊகிக்க முடிந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால்வரை அவள் வேறு ஆளாக இருந்தாள். ஆள் என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கி மாட்டிய கட்டை. எட்டு மாதம். காலையில் கண் விழித்தால் நெஞ்சின்மேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருக்கும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை தூக்க மாத்திரைகளை எடுத்து மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் பிரசன்னா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெருந்துறை ரோட்டிலிருந்த மனநல மருத்துவமனைக்குப் போனான். டாக்டர் ரெஜினா ஒரே தடவை ஊசி போட்டார். அத்தோடு ஆட்டுக்கல் இறங்கிப் போயிற்று.

அதே டாக்டர் ரெஜினாவின் எதிரில் அந்தச் சனிக்கிழமை பகலிலேயே போய் உட்கார்ந்தாள் வான்மதி.

“எனக்கு நீங்க குடுத்த மருந்த மறுபடியும் ஒருக்கா சொல்லுங்க டாக்டர். ஜட்ஜுக்குச் சொல்ற மாதிரி இல்ல. எதுவுமே தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி.”

ரெஜினா சிரித்தார். நாற்பது வயது, படபடவென்று பேசுகிறவர், தன் மருந்தின்மேல் அசாத்திய நம்பிக்கை உள்ளவர். “கெட்டமின் பழைய மருந்து மேடம். ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கறதுக்காக வந்தது. கொஞ்சமா குடுத்தா மனச்சோர்வு மணிக்கணக்குல எறங்குதுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. ஆனா நிக்காது. சில நாள்ல திரும்பி வந்துரும், மறுபடி ஊசி போடணும். இப்ப நாங்க குடுக்கறதுல அதோட இன்னொண்ணு சேந்திருக்கு. ஒரு தடவ போட்டா வருஷக்கணக்கா நிக்கும்.”

“எப்படி நிக்குது?”

“மூளைய எளக்கி, மறுபடி எறுக விடுறோம். நடுவுல ரெண்டு மணி நேரம் அது ஈர சிமெண்ட். இங்க நர்ஸுங்க ஈரநேரம்னு சொல்லுவாங்க. ஈர சிமெண்ட்ல நாய் நடந்துட்டுப் போனா கால் தடம் அப்படியே நின்னுரும் இல்லையா? அந்த நேரத்துல காதுல என்ன விழுதோ அது உங்க சொந்த நெனப்பா உக்காந்துரும். வெளிய இருந்து வந்துதுன்னே உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் உங்க குரல்லயே நாலு நல்ல வார்த்த முன்கூட்டியே பதிவு பண்ணி, அத மட்டும் கேக்க வைக்கறோம்.”

தன் காதில் வேறு ஏதாவது விழ வாய்ப்பு உண்டா என்று வான்மதி கேட்டாள். இல்லவே இல்லை என்றார் ரெஜினா. சிகிச்சை அறையில் சத்தம் புகாது, கதவு உள்ளே பூட்டியிருக்கும். முழு ரெண்டு மணி நேரமும் அந்த அறையில்தான் இருந்தேனா என்று அடுத்த கேள்வி வந்தது. குறுக்கு விசாரணை அவளுக்குக் கைவந்த கலை. ரெஜினா பேனா மூடியைத் திருகினார். அன்றைக்கு ஒரு அவசர நோயாளி வந்ததையும், அதனால் கடைசி அரை மணிக்கு அவளைப் பக்கத்து வார்டு ரூமுக்கு மாற்றியதையும் பிறகு சொன்னார். காதில் கருவியை மாட்டித்தான் அனுப்பினார்களாம். கூட இருந்தவரிடம் யாரையும் உள்ளே விடாதீர்கள், பேசாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம்.

“கூட இருந்தவர்னா?”

“உங்க ஹஸ்பண்ட் மேடம்.”

திரும்பி வரும்போது வான்மதியின் மண்டைக்குள் முழு நீளத் துப்பறியும் கதையே ஓடியது. பூபதிக்கு ஆள் யாரும் இல்லை என்று யார் சொன்னது? அவிநாசியப்பனைத் தீர்த்துக்கட்டியது வேறு யாராவதாக இருந்தால், பூபதி வெளியே வருவது அவர்களுக்கு ஏன் வேண்டும்? அல்லது பூபதியின் வக்கீலே கணக்குப் போட்டு ஆள் அனுப்பினாரா? பிரசன்னா பாலிடெக்னிக்கில் வாத்தியார். காசுக்குக் கையை நீட்டுகிற ஜாதி இல்லை. ஆனால் யாருடைய கழுத்தில் யாருடைய கை இருக்கிறது என்று கோர்ட்டில் தினமும் பார்க்கிறவளுக்கு, சொந்த வீட்டின்மேலும் ஒரு கண் இருக்கத்தான் செய்யும்.

பிரசன்னா சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். அன்னைக்கு வார்டு ரூமுக்குள் யாரை விட்டீங்க?

கத்தி நின்றது. அவன் முகம் போன போக்கை அவள் கவனித்தாள்.

“வானு, நீ சத்தம் போடாம கேட்டாத்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“மரகத அத்தையும் ருக்குமணி சின்னத்தையும் வந்திருந்தாங்க.”

வான்மதி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கூலிப்படை இல்லை, வக்கீலின் ஆள் இல்லை. வெள்ளகோவிலிலிருந்து ரெண்டு பஸ் மாறி, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதமும் கொண்டுவந்த ரெண்டு அத்தைகள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவளைப் பார்க்காமல் திரும்பினால் சாப்பிட்ட சோறு செரிக்காத அத்தைகள்.

பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவன் பரிதாபமாகப் பார்த்தான். வாசலில் நிறுத்தி அனுப்பினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள், அவன் செத்த பிறகும் பதினாறாம் நாள் காரியத்தில் சொல்வார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தானாம். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனானாம். திரும்பி வந்தபோது மரகத அத்தை வான்மதியின் காதில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்திருந்தாராம். காது சூடாகுது பாவம் என்றாராம். அவன் அவசரமாகத் திரும்ப மாட்டிவிட்டானாம். தூங்குகிறவளுக்கு என்ன கேட்கப்போகிறது என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவில்லையாம்.

அவனைத் திட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை. ஞாயிறு காலை இருவரும் வெள்ளகோவிலில் இருந்தார்கள்.

மரகத அத்தை வீட்டுக் கூடத்தில் நான்கு மின்விசிறி ஓடியது. அறுபத்தெட்டு வயது, வைரத்தோடு, கணீர்க் குரல். மருமகள் எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் அவளைக் கட்டிக்கொண்டார், கன்னத்தைத் தடவினார், இளைத்துவிட்டாள் என்று பிரசன்னாவைக் கடிந்துகொண்டார். வான்மதி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள், ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூபதிராஜா கேஸைப் பற்றி என்ன பேசினீங்க அத்தை?

அத்தைக்குப் பூபதிராஜா யாரென்றே தெரியவில்லை. எண்ணெய் மில் கொலை என்றால் தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று சாதித்தார். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கொலை, சாவு என்று பேச அவருக்குப் புத்தி பிசகிவிடவில்லையாம்.

“அப்ப வேற என்னதான் பேசுனீங்க?”

“ஊட்டுக் கதைதான் கண்ணு. முத்தூர்ல கண்ணாலத்துக்குப் போயிருந்தமல்லோ, அதைய. ருக்குமணி ஊட்டுக்காரரோட புதுச்செருப்ப எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான். தோல் செருப்பு, இவளுக்கு வயிறு எரியுது. எந்தங்கச்சி பையன் நவநீதன்தான் எடுத்தான்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியறா. எனக்குக் கோவம் வராதா?”

வான்மதி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “நீங்க அதுக்கு என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க அத்தை.”

“என்னத்தைச் சொன்னேன். அந்தப் பையன் அன்னிக்குப் பூராவும் பந்தியிலதான் நின்னான். வாளியத் தூக்கிக்கிட்டு ரசம் ஊத்தி ஊத்திக் கையே ஓஞ்சு போச்சு அவனுக்கு. எங்கண்ணால பாத்தேன். செய்யாதவம் மேல பழி போடாதே, அந்தப் பாவம் ஏழேழு தலமொறைக்கும் வுடாதுன்னு சொன்னேன்.”

பிரசன்னா தலையில் கை வைத்துக்கொண்டான். வான்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எட்டு மாதமாக அவளை விட்டுப் போகாத ஒரே நினைப்பு அந்த வழக்குதான். ஈரமாக இருந்த மூளை, பழி என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் எந்தப் பையன் இருந்தான் என்று துழாவியிருக்கிறது. பூபதிதான் இருந்தான். அவன் கையில் வாளியைக் கொடுத்துவிட்டது. ஒரு ஜோடிச் செருப்புக்காக ரெண்டு அத்தைகள் போட்ட சண்டையில், ஒரு கொலை வழக்கு முடிந்துவிட்டது.

“ஏங் கண்ணு, நாங்க வந்தது தப்பாப் போச்சா?” அத்தையின் குரல் முதன்முறையாக இறங்கியது. “படுத்திருந்த கோலத்தப் பாத்து எனக்கு மனசே ஆகுல. உந் தலையில கைய வெச்சு, இனி உனக்கு ஒண்ணுமில்ல, எந்திரிச்சு வா சாமின்னு சொன்னேன். அப்பறந்தான் எந்திரிச்சேன் போ.”

வான்மதி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கண் விழித்ததும் முதலில் அவளுக்குள் எழுகிற வாக்கியம் அதுதான். இனி உனக்கு ஒண்ணுமில்ல, எந்திரிச்சு வா. தன் குரல் என்று நினைத்திருந்தாள். பதிவில் தான் சொல்லாத வாக்கியம் அது என்பது இப்போதுதான் உறைத்தது. அத்தையின் கையைப் பிடித்து, தப்பில்லை என்றாள். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

ஊர் திரும்பும் வழியில் ரெஜினாவே போனில் வந்தார். நடந்ததை வான்மதி சொல்லக் கேட்டு ஆடிப்போனார். தன் பக்கத்துத் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். அதோடு ஒரு வழியும் சொன்னார். நாளைக் காலையிலேயே மறுபடி ஒரு ஊசி. அந்தப் பையனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று அவள் குரலிலேயே பதிவு செய்து கேட்க வைத்தால், ரசமும் போகும் பந்தியும் போகும். மத்தியானம் தீர்ப்புச் சொல்லலாம்.

“இன்னைக்கு நானே போய்ப் படுத்து இத அழிச்சுக்கறேன்னு வைங்க. நாளைக்கு வேற ஜட்ஜ படுக்கச் சொல்லி யாராவது வேற ஒண்ண அழிப்பாங்க,” என்றாள் வான்மதி. “தீர்ப்புக்கு முன்னாடி நீதிபதிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழக்கத்த நான் ஆரம்பிச்சு வெக்க மாட்டேன் டாக்டர்.”

வீட்டுக்கு வந்ததும் வழக்குக்கட்டை மறுபடி விரித்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கல்யாண வீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, இருக்கிற சாட்சியை மட்டும் எடை போடலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. செருப்புக் கதை தெரிந்த பிறகும் நம்பிக்கை ஒரு இம்மிகூட அசையவில்லை. அரசுத் தரப்பில் இருந்த ஒவ்வொரு ஓட்டையும் கிணறு மாதிரித் தெரிந்தது. சட்டையிலிருந்த ரத்தம் ஏதோ ஒரு விபத்து மாதிரித் தெரிந்தது. பொய் என்று தெரிந்த ஒன்றை மனதார நம்பிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். உண்மையை நம்புவது மாதிரியேதான் இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. பிரசன்னாதான் பயந்தான். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதி விலகிக்கொள்ளலாமே, ஊருக்கெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும், நாளைக்கு ஆளாளுக்கு வாயில் வந்ததைப் பேச மாட்டார்களா என்றான். பேசட்டும் என்றாள். மூன்று வருஷமாகத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவனுக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகப்போகிறது என்று தெரியாது. ஏன் என்றாவது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

திங்கள்கிழமை கோர்ட் நிரம்பியிருந்தது. பூபதிராஜா வழக்கம்போலக் கூண்டில் தரையைப் பார்த்தபடி நின்றான். வான்மதி எழுதி வைத்ததைப் படிக்கவில்லை, நேராகப் பேசினாள். தனக்கு மனச்சோர்வு இருந்ததையும், சிகிச்சை எடுத்ததையும், அது தன் உயிரைக் காப்பாற்றியதையும் சொன்னாள். அந்த அரை மணி நேரத்தில் நடந்த பிசகையும் மறைக்கவில்லை. உறவினர்களின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

“இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்,” என்றாள். “அந்த நம்பிக்கைக்கு இந்த வழக்கில் எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வேறு நீதிபதிக்கு மாற்றும்படி உயர்நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டேன்.”

அரசு வக்கீல் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பூபதி மட்டும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் அவன் நிமிர்ந்தது அன்றைக்குத்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். காவலர் தோளைத் தொட்டதும் இறங்கிப் போனான்.

பிரசன்னா பயந்தது நடந்தது. பைத்தியம் பிடித்த ஜட்ஜ் என்று போன்களில் படம் போட்டுப் பரப்பினார்கள். ஒரு வக்கீல், அவள் முன்பு சொன்ன தீர்ப்புகளையெல்லாம் தோண்ட வேண்டும் என்று டிவியில் முழங்கினார், மனுவும் போட்டார். அவையெல்லாம் சிகிச்சைக்கு முந்தியவை என்று உயர்நீதிமன்றம் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தது. ரெஜினாவின் ஆஸ்பத்திரியில் ஈரநேரம் முடியும்வரை நோயாளியை அறை மாற்றக்கூடாது என்று விதி வந்தது. முகம் தெரியாத பெண்கள் சிலர் வான்மதிக்குப் போன் செய்து, நீங்களே போனீங்கன்னா நாங்களும் போறோம்மா என்றார்கள். அவள் தினமும் எழுந்தாள், குளித்தாள், மற்ற வழக்குகளில் உட்கார்ந்தாள். தீர்ப்புகள் மறுபடி பிரசவமாகிவிட்டன. சோறு இறங்கவில்லை. அதில் அவளுக்கு ரொம்ப நிம்மதி.

மூன்று மாதம் கழித்து பூபதியின் வழக்கு புதிய நீதிபதியின் முன் வந்தது. ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். விரும்புவதாகச் சொன்னான். அவனுடைய வக்கீல் பதறிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. நான்தான் அடித்தேன் என்றான். எங்கே நின்று அடித்தான், எதனால் அடித்தான், இரும்புக் கம்பியை எந்தக் கிணற்றில் போட்டான் எல்லாவற்றையும் சொன்னான். சொன்ன கிணற்றில் கம்பி கிடைத்தது.

ஏன் இத்தனை நாள் கழித்து என்று நீதிபதி கேட்டாராம். “பெத்தவளே என்ன நம்பலைங்க. அந்தம்மா நம்புனாங்க. நம்பிட்டு, அது சரியில்லைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு எந்திரிச்சாங்க. அதப் பாத்ததுக்கப்பறம் பொய் சொல்லிட்டு நிக்க எனக்கு முடியலைங்க,” என்றானாம்.

காலைச் செய்தியில் இதைப் பிரசன்னாதான் முதலில் பார்த்தான். வான்மதி கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் முழுவதையும் சத்தமாகப் படித்தான். அவள் கழுத்துப் பட்டையைக் கட்டியபடியே கேட்டாள். முடிந்ததும் கிணற்றிலிருந்து எடுத்த கம்பியின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அப்பாடா, ஒருவழியா முடிஞ்சுது,” என்றான் பிரசன்னா. அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காததைக் கண்டு சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தான். “வானு, அவனே ஒத்துக்கிட்டான். கம்பியும் கெடச்சிருச்சு. இன்னுமா?”

“இன்னும்தான். பாவம், யாரோ மெரட்டி அவனைச் சொல்ல வெச்சிருக்காங்கன்னு தோணுதுங்க.”

அவள் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் கலக்கம் இல்லை.

“ஊரே நம்பற உண்மைய நான் ஒருத்தி மட்டும் நம்பல,” என்றாள் வான்மதி. “அன்னைக்கு அந்த வழக்க விட்டு நான் எந்திரிச்சது எவ்வளவு சரின்னு இப்பத்தான் முழுசாத் தெரியுது.”

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பத்தரைக்கு ஒரு திருட்டு வழக்கு. அதில் அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.